முதல் தடவை பிசி கேம் வாங்குகிறவர்களுக்கு: சேல், யுபிஐ, டவுன்லோட், ரீஃபண்ட்

லைப்ரரியில் ஏற்கெனவே நூறு கேம் வைத்திருக்கிறவர்களுக்கு இது இல்லை. கையில் ஒரு லேப்டாப்போ பழைய பிசியோ இருக்கிறது, போனில் ஆடி ஆடி அலுத்துவிட்டது, காசு கொடுத்து உருப்படியாக ஒரு கேம் வாங்கலாம் என்று இப்போதுதான் தோன்றியிருக்கிறது என்றால், தொண்டியிலிருந்து மூக்கையூர் வரைக்கும் நம்ம கடற்கரையில் எந்த ஊரில் இருந்தாலும் சரி, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். சென்னையிலும் பெங்களூரிலும் இருப்பவர்கள் சொல்கிற யோசனைகள் நமக்கு அப்படியே பொருந்தாது. அவர்களுக்கு 100 ஜிபி என்பது ஒரு பொருட்டே இல்லை, கரண்டும் அடிக்கடி போகாது. நமக்கு இரண்டும் கணக்கில் வர வேண்டும்.

முதலிலேயே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நேரத்தில் ஒரு கேம். வாங்கினால் அந்த வாரமே இறக்கி ஆட வேண்டும், ஆடி முடித்த பிறகுதான் அடுத்தது. 80 சதவீதம் தள்ளுபடி என்பது ஒரு கேமை வாங்குவதற்குக் காரணமே இல்லை. சேல் வருஷத்துக்கு நாலு தடவை வருகிறது, இன்றைக்கு விட்டால் மூன்று நாலு மாதத்தில் பெரும்பாலும் அதே விலைக்கு, சில சமயம் அதைவிடக் குறைவாகவே கிடைக்கும். புதுசாக வந்ததைத்தான் ஆட வேண்டும் என்பதும் இல்லை. 2024-இல், பிசி கேம் விற்கிற பெரிய ஆன்லைன் கடையான ஸ்டீமில் எல்லோரும் ஆடிய மொத்த நேரத்தில் அந்த வருஷம் வெளியான கேம்களுக்குப் போனது 15 சதவீதம்தான் என்று ஸ்டீமே வருஷக் கடைசியில் கணக்குக் கொடுத்தது. மீதி எல்லாம் பழைய கேம்தான். உலகமே பழசை ஆடிக்கொண்டிருக்கும்போது நாம் முழு விலை கொடுத்து ஓட வேண்டிய அவசியம் என்ன?

மிஷினைத் தெரிந்துகொள்ளுங்கள்

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போங்கள். ராம் எவ்வளவு, கிராபிக்ஸ் சிப்பான ஜிபியு என்ன பெயர் என்று அங்கேயே இருக்கும். ஜிபியு என்ற இடத்தில் இன்டெல் யுஎச்டி என்றோ வெறும் ரேடியான் கிராபிக்ஸ் என்றோ மட்டும் இருந்தால், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை என்று அர்த்தம். அரசு கொடுத்த மடிக்கணினியும் ஆபீஸ் வேலைக்கு வாங்கிய லேப்டாப்பும் பெரும்பாலும் இந்த வகைதான். வருத்தப்பட ஒன்றும் இல்லை, அதில் ஓடுகிற அருமையான கேம்கள் ஒரு வருஷம் ஆடினாலும் தீராத அளவுக்கு இருக்கின்றன. கடைசியில் சொல்கிறேன்.

ஒவ்வொரு கேமின் கடைப் பக்கத்திலும் அடியில் மினிமம், ரெக்கமெண்டட் என்று இரண்டு பட்டியல் இருக்கும். மினிமம் என்றால் ஓடும், அவ்வளவுதான். நன்றாக ஓட வேண்டுமென்றால் ரெக்கமெண்டடைப் பாருங்கள். ஸ்டோரேஜ் வரியை எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள், நம்ம ஊரில் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பால்டர்ஸ் கேட் 3-க்கு 150 ஜிபி இடம் வேண்டும். 256 ஜிபி எஸ்எஸ்டி (வேகமான டிஸ்க்) வைத்த லேப்டாப்பில் விண்டோஸும் வீட்டுப் போட்டோக்களும் போக அது நுழையவே நுழையாது. சைபர்பங்க் 2077 இப்போது எஸ்எஸ்டி இல்லாமல் வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. அதே கடையில்தான் பலாட்ரோ 150 எம்பி-க்கும், ஸ்டார்ட்யூ வேலி 500 எம்பி-க்கும் கிடக்கின்றன.

கணக்கு

ஸ்டீம் கணக்கை உங்கள் சொந்த மெயிலில், உங்கள் சொந்தப் போன் நம்பரில் ஆரம்பியுங்கள். ஸ்டீம் ஆப்பைப் போனில் போட்டு லாகினுக்கு இரண்டாவது பூட்டான ஸ்டீம் கார்டை (Steam Guard) முதல் நாளே இயக்கிவிடுங்கள். பிரவுசிங் சென்டரில் லாகின் செய்ய வேண்டாம். "எங்க டீமுக்கு ஒரு ஓட்டுப் போடு", "உன் அக்கவுண்டைத் தப்பா ரிப்போர்ட் பண்ணிட்டேன், இவரிடம் பேசு" என்று ஃபிரெண்ட் லிஸ்டில் இருப்பவரே மெசேஜ் அனுப்பினாலும் அந்த லிங்க்கைத் தொடாதீர்கள். அவர் கணக்கு ஏற்கெனவே பறிபோயிருக்கும், அடுத்தது உங்களுடையது.

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம் பக்கம் இன்னொரு விஷயம் உண்டு. துபாயிலோ சவூதியிலோ இருக்கிற காக்கா (அண்ணன்) லீவில் வரும்போது ஒரு கேமிங் லேப்டாப்பைக் கொண்டுவந்து கொடுப்பார், அதில் அவருடைய கணக்கே இருக்கும். அந்தக் கணக்கின் கடை அந்த நாட்டுக் கடை, விலையும் அந்த ஊர்ப் பணத்தில்தான். இந்தியாவுக்கு மாற்ற இந்தியக் கட்டண முறை வேண்டும், அவர் திரும்பிப் போனதும் மறுபடி சிக்கல். அதனால் அவர் கணக்கு அவருக்கு, நீங்கள் புதிதாக ஒன்று இங்கேயே ஆரம்பித்துக்கொள்ளுங்கள். ஸ்டீம் 2015-லிருந்து இந்தியாவில் ரூபாயில் விற்கிறது, பல கேம்கள் இங்கே டாலர் விலையைவிடக் குறைவு. எல்லாக் கம்பெனியும் அப்படி இல்லை, விலை வைப்பது கேமை வெளியிடுகிறவர்கள்தான். ஒரே சேலில் ஒன்று நியாயமாக இருக்கும், அடுத்தது அமெரிக்க விலையை அப்படியே ரூபாயாக்கி வைத்திருக்கும்.

ஒரே வீட்டில் அண்ணன் தம்பி அக்கா என்று இரண்டு மூன்று பேர் ஆடுகிறீர்கள் என்றால் ஸ்டீம் ஃபேமிலியில் சேர்ந்துகொள்ளுங்கள். ஆறு பேர் வரை சேரலாம். ஒருவர் வாங்கியதை மற்றவர் ஆடலாம், சேவ் ஃபைல் தனித்தனியாக இருக்கும். ஆளுக்கொரு கேமை ஒரே நேரத்தில் ஆடலாம், ஒரே கேமை இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஆடத்தான் இரண்டு பிரதி வேண்டும். இது ஒரு வீட்டுக்காரர்களுக்கானது. கிளாஸில் கூடப் படிக்கிறவனைச் சேர்த்துவிட்டு அவன் உங்கள் கேமில் ஏமாற்றி ஜெயிக்கிற சாஃப்ட்வேர் போட்டு மாட்டினால் தடை உங்கள் மேலும் விழும், அப்புறம் அவனை வெளியேற்றினாலும் அந்த இடத்தை வேறு ஆளுக்குக் கொடுக்க ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும்.

எப்போது வாங்குவது

ஸ்டீமின் பெரிய சேல்கள் நான்கு. 2025-இல் மார்ச் 13 முதல் 20 வரை ஸ்பிரிங் சேல், ஜூன் 26 முதல் ஜூலை 10 வரை சம்மர் சேல், செப்டம்பர் 29 முதல் அக்டோபர் 6 வரை ஆட்டம் சேல், டிசம்பர் 18 முதல் ஜனவரி 5 வரை வின்டர் சேல். வருஷத்துக்கு வருஷம் தேதி கொஞ்சம் முன்னே பின்னே போகும், பருவம் ஏறக்குறைய இதேதான். சம்மர் சேல் நம்ம நேரப்படி ராத்திரி பத்தரைக்குத் திறக்கும், வின்டர் சேல் பதினொன்றரைக்கு. திறந்த உடனே கடை திணறும், உள்ளேயே போக முடியாது. அன்று ராத்திரி விழித்திருக்க ஒரு அவசியமும் இல்லை. பல வருஷம் முன்பு சில மணி நேரத்துக்கு மட்டும் விலை இன்னும் இறங்குகிற ஃபிளாஷ் சேல் இருந்தது, அதை 2015 கடைசியிலேயே எடுத்துவிட்டார்கள். இப்போது முதல் நாள் என்ன விலையோ அதே விலைதான் கடைசி நாளும். மறுநாள் சாவகாசமாக வாங்குங்கள்.

கடலை நம்பி இருக்கிற வீடுகளுக்கு இந்தத் தேதிகள் ஒரு விதத்தில் வசதி. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், பாம்பனிலும் மண்டபத்திலும் விசைப்படகு எல்லாம் கரையில்தான் நிற்கும், வீட்டில் பணம் இறுக்கமாக இருக்கும். அந்த நேரத்தில் அப்பாவிடம் போய்க் கேம் வாங்கக் காசு கேட்காதீர்கள். தடை முடிந்து படகு போய் வர ஆரம்பித்த பிறகுதான் சம்மர் சேலே வருகிறது. தடைக்காலத்தில் செய்ய வேண்டியது விஷ்லிஸ்ட் போடுவது. பிடித்த கேமின் பக்கத்தில் அந்தப் பட்டனை அழுத்திவிட்டால் விலை குறையும்போது மெயில் வரும், அது இலவசம்.

விலை வரலாறு பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள். ஸ்டீம்டிபி என்ற தளத்தில் கேம் பெயரைப் போட்டு, இந்திய ரூபாயைத் தேர்ந்தெடுத்தால், அந்தக் கேம் இதுவரை எந்தெந்தத் தேதியில் என்ன விலைக்குப் போனது என்று கோடு போட்டுக் காட்டும். நேற்றைக்கு நண்டு கிலோ என்ன விலைக்குப் போனது என்று தெரியாமல் ஏலத்தில் போய் நிற்பவரிடம் வியாபாரி சொல்வதுதான் விலை, இங்கேயும் அதே கதைதான். 60 சதவீதம் என்று பச்சை நிறத்தில் போட்டிருப்பார்கள், போன சேலில் அதுவே 75 சதவீதத்துக்குப் போயிருக்கும். ஒரு கேம் இரண்டு சேலாக 50 சதவீதத்திலேயே நிற்கிறது என்றால் அதுதான் அதன் இப்போதைய அடிவிலை, வேண்டுமென்றால் வாங்கிவிடலாம். 33, 50, 66, 75 என்று படிப்படியாக இறங்கிக்கொண்டே வருகிறது என்றால் இன்னொரு சேல் பொறுக்கலாம். ஃபேக்டோரியோ மாதிரி சிலது சேலுக்கே வராது. தள்ளுபடி கொடுக்கவே மாட்டோம் என்று அதைச் செய்தவர்கள் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்கள், 2023 ஜனவரியில் 30 டாலரிலிருந்து 35 டாலராக ஏற்றியும் விட்டார்கள். அந்த மாதிரிக் கேமுக்குக் காத்திருப்பதில் அர்த்தம் இல்லை.

பணம் கட்டுவது சுலபம். யுபிஐ இருக்கிறது, கார்டும் நெட் பேங்கிங்கும் உண்டு. வங்கிக் கணக்கு இல்லாத பிள்ளைகள் அம்மா அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர்கள் போனில் கட்டுங்கள், அவர்களுக்குத் தெரியாமல் செய்ய வேண்டாம். ஸ்டீம் வாலெட்டில் தேவைக்கு மேல் பணம் போட்டு வைக்காதீர்கள், போட்டதில் எதையும் செலவழிக்காமல் 14 நாளுக்குள் கேட்டால்தான் ரீஃபண்ட், அப்புறம் வங்கிக்குத் திரும்பி வராது.

டவுன்லோட்: நம்ம ஊர்க் கணக்கு

இதைப் பற்றி யாரும் சரியாகச் சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். போன் ஹாட்ஸ்பாட்டில் தினம் 2 ஜிபி டேட்டா வைத்துக்கொண்டு 150 ஜிபி கேமை இறக்க நினைத்தால் 75 நாள் ஆகும், அதுவும் வேறு எதற்குமே டேட்டா செலவழிக்காமல் இருந்தால். ஃபைபர் இருந்தால் வேறு கணக்கு. 40 எம்பிபிஎஸ் என்று பிளான் போட்டிருப்பார்கள், ஸ்டீமில் பார்த்தால் 5 என்றுதான் காட்டும். ஏமாற்று இல்லை. பிளான் பிட் கணக்கு, கேம் சைஸ் பைட் கணக்கு, எட்டால் வகுக்க வேண்டும். வினாடிக்கு 5 எம்பி என்றால் ஒரு மணி நேரத்துக்கு 18 ஜிபி. 60 ஜிபி கேம் மூன்றரை மணி நேரம். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் இருக்கும். செட்டிங்ஸில் டவுன்லோட்ஸ் பக்கத்தில் எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை இறக்க வேண்டும் என்று குறிக்கலாம், வேகத்துக்கு வரம்பும் வைக்கலாம். வீட்டில் சீரியல் பார்க்கிற நேரத்தில் நெட்டை முழுக்க உறிஞ்சி ஏச்சு வாங்காமல் இருக்க அது உதவும்.

கரண்டு போனால் பயப்பட வேண்டாம், ஸ்டீம் விட்ட இடத்திலிருந்து தொடரும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் புயல் சின்னம் வந்தால் நம்ம பக்கம் கரண்டும் நெட்டும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. வின்டர் சேல் அந்த மழையின் வால் பகுதியில்தான் வருகிறது. சேலில் வாங்கிவிட்டு டவுன்லோடைப் பொங்கலுக்கு ஒத்தி வைக்காதீர்கள், ரீஃபண்டுக்கான நாள் வாங்கிய தேதியிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும்.

இப்போது சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் ஏற்கெனவே அந்தக் கேமை இறக்கி வைத்திருக்கிற ஒரு ஆள் இருந்தால் நீங்கள் முழுசாக நெட்டில் இறக்க வேண்டியதே இல்லை. 2023-லிருந்து ஸ்டீமில் லோக்கல் நெட்வொர்க் டிரான்ஸ்ஃபர் என்று ஒரு வசதி உண்டு. லேப்டாப்பை அவர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போங்கள், இரண்டு மிஷினும் ஒரே ரவுட்டரில் இருக்கட்டும், இரண்டு பேரும் தங்கள் தங்கள் கணக்கில் லாகின் செய்திருக்கட்டும், டவுன்லோட்ஸ் செட்டிங்கில் நண்பர்களுக்கு அனுமதி என்று வைக்கட்டும். நீங்கள் இன்ஸ்டால் அழுத்தினால் ஃபைல் அவர் மிஷினிலிருந்தே வரும். கேபிள் போட்டுவிட்டால் இன்னும் வேகம். நீங்களும் அந்தக் கேமை வாங்கியிருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

ரவுட்டர் இல்லையென்றால் ஹார்ட் டிஸ்க். அவர் மிஷினில் ஸ்டீம்ஆப்ஸ் என்ற ஃபோல்டருக்குள் காமன் என்று ஒன்று இருக்கும், அதற்குள் அந்தக் கேமின் பெயரில் உள்ள ஃபோல்டரை அப்படியே காப்பி செய்து உங்கள் மிஷினில் அதே இடத்தில் வையுங்கள். அப்புறம் இன்ஸ்டால் அழுத்துங்கள். இருக்கிற ஃபைலைக் கண்டுபிடித்துச் சரிபார்த்துவிட்டு, குறைகிறதை மட்டும் இறக்கிக்கொள்ளும். போன் டேட்டாவை மட்டும் நம்பி இருக்கிற தீவுப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்த ஒரு வழிதான் பெரிய கேமுக்கு வாசல்.

இரண்டு மணி நேரம்

வாங்கி 14 நாளுக்குள், ஆடிய நேரம் 2 மணி நேரத்துக்குள் இருந்தால், காரணம் எதுவாக இருந்தாலும் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரும். எபிக் என்ற இன்னொரு ஆன்லைன் கடையிலும் ஏறக்குறைய இதேதான். ஜிஓஜி என்ற கடையில் 30 நாள். இந்த உரிமையைக் கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள், ஆனால் அந்த 2 மணி நேரத்தைக் காப்பாற்றத் தெரிந்துகொள்ளுங்கள். கேம் ஓடிக்கொண்டிருக்கிற எல்லா நேரமும் அதில் சேரும். மெனுவைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாலும் சேரும். சில பெரிய கேம்கள் முதல் தடவை திறந்ததும் ஷேடர் கம்பைல் செய்கிறேன், அதாவது கிராபிக்ஸைத் தயார் செய்கிறேன் என்று உட்கார்ந்துவிடும், பழைய மிஷினில் அதற்கே நிறைய நேரம் போகும், அந்த நேரமும் உங்கள் கணக்கில்தான்.

அதனால் முதல் தடவை திறக்கும்போது இப்படிச் செய்யுங்கள். முதலில் செட்டிங்ஸில் கிராபிக்ஸை மீடியத்துக்கு இறக்குங்கள், ரெசல்யூஷனைப் பாருங்கள். அறிமுகக் காட்சியைத் தாண்ட முடிந்தால் தாண்டுங்கள், கதை எங்கேயும் போய்விடாது. சண்டையோ கூட்டமோ உள்ள இடத்துக்குப் போய் அங்கே திணறுகிறதா என்று பாருங்கள், ஆரம்பச் சின்ன அறையில் எல்லாக் கேமும் நன்றாகத்தான் ஓடும். லேப்டாப் கொதிக்கிறதா என்று கையை வைத்துப் பாருங்கள், நம்ம உப்புக் காற்றில் ஃபேன் சீக்கிரமே அழுக்கேறி அடைத்துக்கொள்ளும், திணறுவது கேமின் குறையாக இல்லாமலும் இருக்கலாம். ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிவு எடுங்கள். திணறுகிறது, பிடிக்கவில்லை, தலை சுற்றுகிறது, எதுவானாலும் ஹெல்ப் பக்கத்தில் போய் ரீஃபண்ட் கேளுங்கள். கட்டிய வழியிலேயே, அது முடியாவிட்டால் ஸ்டீம் வாலெட்டுக்கு, பணம் திரும்பி வரும், சில நாள் ஆகலாம்.

டெமோ இருந்தால் அதை முதலில் ஆடுங்கள். பிப்ரவரி, ஜூன், அக்டோபர் மாதங்களில் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் என்று டெமோக்களுக்கென்றே ஒரு வாரம் நடத்துகிறார்கள். நிறைய டெமோ சின்ன சைஸ்தான், போன் டேட்டாவிலேயே இறக்கிவிடலாம்.

கரண்டு அடிக்கடி போகிற வீட்டில் கேம் எப்படி சேவ் ஆகிறது என்பதையும் பாருங்கள். ஸ்டார்ட்யூ வேலியில் கேமுக்குள் ஒரு நாள் முடிந்து தூங்கினால்தான் சேவ் ஆகும். ஒரு நாள் என்பது கால் மணி நேரத்துக்கும் குறைவு, கரண்டு போனால் அதிகபட்சம் அவ்வளவுதான் நஷ்டம். எல்டன் ரிங் தானாகவே அடிக்கடி சேவ் செய்துகொள்ளும். ஹாலோ நைட்டில் பெஞ்சில் உட்கார்ந்தால்தான் பாதுகாப்பு. யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் இதைப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

தொடக் கூடாதவை

ப்ரீ-ஆர்டர், அதாவது வெளியாவதற்கு முன்பே வாங்குவது, வேண்டாம். சைபர்பங்க் 2077 வந்தது 2020 டிசம்பரில், அப்போது அது இருந்த நிலைமையில் சோனியே தன் கடையிலிருந்து தூக்கியது. 2023 செப்டம்பரில் 2.0 அப்டேட் வந்த பிறகு அது வேறு கேம். பொறுத்தவர்களுக்குப் பாதி விலையில் நல்ல கேம் கிடைத்தது, முதல் நாள் வாங்கியவர்கள் முழு விலை கொடுத்து அவஸ்தைப்பட்டார்கள். டீலக்ஸ் எடிஷனும் வேண்டாம், ஒரு சட்டைக்கும் வாளுக்கும் ஆயிரம் ரூபாய் கூடுதல். இரண்டு வருஷம் கழித்து எல்லாம் சேர்ந்த கம்ப்ளீட் எடிஷன் வரும், அதைச் சேலில் வாங்குங்கள்.

வேறு தளங்களில் பாதி விலைக்கு கீ (ஸ்டீமில் போட்டால் கேம் கிடைக்கிற கோடு) விற்கிறார்களே என்று கேட்பீர்கள். கேம் கம்பெனியிடம் நேராக வாங்கி விற்கிற கடைகள் இருக்கின்றன, அவை பிரச்சினை இல்லை. இஸ்தேர்எனிடீல் என்ற தளம் அப்படிப்பட்ட கடைகளின் விலையைத்தான் ஒப்பிட்டுக் காட்டும். யார் யாரோ கீ விற்கிற சந்தைகள் வேறு. திருட்டுக் கார்டில் வாங்கிய கீயாகவும் இருக்கலாம், வேறு நாட்டுக் கீயாகவும் இருக்கலாம், பின்னால் கம்பெனி அதை ரத்து செய்தால் கேம் லைப்ரரியிலிருந்து போய்விடும், உங்கள் பணத்துக்கு யாரும் பொறுப்பு இல்லை. கிராக் கேமை, அதாவது பூட்டை உடைத்த திருட்டுக் காப்பியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அம்மாவின் யுபிஐயும் வங்கி மெயிலும் இருக்கிற மிஷினில் யாரோ செய்த இஎக்ஸ்இ ஃபைலை ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஓட்டுவது எந்த விதத்திலும் சரியில்லை.

பல கேமைச் சேர்த்து விற்கிற பண்டிலில் மட்டும் ஒரு நல்லது உண்டு. ஏற்கெனவே உங்களிடம் இருக்கிற கேமின் விலையைக் கழித்துக்கொண்டு மீதியை மட்டும் கேட்கிற பண்டில்கள் இருக்கின்றன, அதில் கூடுதல் தள்ளுபடியும் சேரும். அதற்காக இரண்டு நல்ல கேமோடு ஐந்து வேண்டாத கேமை வாங்க வேண்டாம்.

ரிவ்யூ பார்க்கும்போது மொத்த ரிவ்யூவை மட்டும் பார்க்காதீர்கள், கடைசி 30 நாள் என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள். நல்ல பெயர் எடுத்த கேமையும் ஒரு அப்டேட் கெடுத்துவிடும். ஆன்லைன் கேம் என்றால் இந்தியாவில் சர்வர் இருக்கிறதா என்று ரிவ்யூவில் தேடுங்கள். கவுண்டர் ஸ்டிரைக்குக்கும் டோட்டாவுக்கும் சென்னையிலும் மும்பையிலும் சர்வர் இருக்கிறது, இரண்டும் இலவசம் வேறு. சிங்கப்பூர் சர்வர் மட்டும் உள்ள கேமுக்குக் காசு கொடுக்கும் முன் நம்ம நெட்டில் பிங் (சர்வருக்குப் போய் வருகிற தாமதம்) எவ்வளவு வரும் என்று யோசியுங்கள்.

இலவசமாக வருவது

எபிக் கடையில் கணக்கு ஆரம்பியுங்கள். வாராவாரம் வியாழக்கிழமை ராத்திரி எட்டரைக்கு, குளிர்காலத்தில் ஒன்பதரைக்கு, இலவசக் கேம் மாறும். அந்த வாரத்துக்குள் எடுத்துக்கொண்டால் உங்களுடையது. 2020 மே மாதம் ஜிடிஏ 5-ஐயே அப்படிக் கொடுத்தார்கள், கூட்டம் தாங்காமல் கடையே படுத்துவிட்டது. டிசம்பர் கடைசியில் தினம் ஒன்று கொடுப்பார்கள். எடுத்து வைக்க டேட்டா செலவு இல்லை, இறக்கும்போதுதான் செலவு. கையில் காசே இல்லாதவர்கள் ஒரு வருஷம் இதை மட்டும் செய்தாலே போதும்.

வீட்டில் கேட்பார்கள்

"இது ரம்மி மாதிரியா?" என்று கட்டாயம் கேட்பார்கள். ஆன்லைன் ரம்மியில் நம்ம மாநிலத்தில் எத்தனை குடும்பம் நாசமானது என்று அவர்கள் பார்த்திருக்கிறார்கள், அந்தப் பயம் நியாயமானது. பொறுமையாகச் சொல்லுங்கள். 2025 ஆகஸ்டில் மத்திய அரசு கொண்டுவந்த சட்டம் பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளைத்தான் தடை செய்கிறது, ஒரு தடவை விலை கொடுத்து வாங்கி ஆடுகிற கேமை இல்லை. அதோடு நீங்களும் ஒரு நேர்மையைக் கடைப்பிடியுங்கள். கேமுக்குள் என்ன வரும் என்று தெரியாத பெட்டியைக் காசு கொடுத்துத் திறப்பது, ஆயுதத்துக்கும் ஆளுக்கும் போடுகிற அலங்காரமான ஸ்கின்னை வாங்கி விற்பது, இந்தப் பக்கமே போக வேண்டாம். அங்கே போகிற காசுக்கு அளவே கிடையாது, அது நிஜமாகவே அவர்கள் பயப்படுகிற சமாச்சாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

சரி, எதில் ஆரம்பிப்பது

கிராபிக்ஸ் கார்டு இல்லாதவர்கள் ஸ்டார்ட்யூ வேலியிலோ ஹாலோ நைட்டிலோ ஆரம்பியுங்கள். பழைய கேமில் பரவாயில்லை என்றால் போர்ட்டல் 2. 2011-இல் வந்தது, சேலில் டீக்கடைக் கணக்கு அளவுக்கு இறங்கும், புத்தியைத் தீட்ட அதைவிட நல்ல கேம் எனக்குத் தெரியாது. பலாட்ரோ அருமை, ஆனால் திரையில் சீட்டுக்கட்டு இருக்கும். பந்தயமோ நிஜப் பணமோ எதுவும் அதில் இல்லை, ஐரோப்பாவிலேயே 18 வயது முத்திரை குத்திவிட்டு 2025-இல் 12 என்று திருத்தினார்கள். வீட்டில் விளக்கிச் சொல்லிவிட்டு ஆடுங்கள்.

சமீபத்திய சேல்களில் நான் வாங்கியதில் மனசுக்கு நெருக்கமானவை இரண்டும் கடல் கேம்கள். டேவ் தி டைவர், பகலில் முக்குளித்து மீன் பிடித்து, ராத்திரி அதையே சமைத்துக் கடையில் பரிமாறுவது. ஆக்ஸிஜன் குறையக் குறைய "இன்னும் ஒரு மீன்" என்று கை போகும், மேலே வராமல் மாட்டினால் பிடித்ததில் ஒன்றைத் தவிர எல்லாம் போச்சு. சங்கு குளிக்கிறவர்களும் பாசி எடுக்கிற பெண்களும் இருக்கிற கரையில் வளர்ந்தவர்களுக்கு அந்த மூச்சுக் கணக்கு உடனே பிடிபடும். கதை நடுவில் கொஞ்சம் இழுக்கும், ஆனாலும் சேல் விலைக்குத் தாராளமாகத் தகும்.

இன்னொன்று டிரெட்ஜ். ஒரு சின்னப் படகு, பிடித்த மீனைக் கட்டம் கட்டமாக உள்ளே அடுக்க வேண்டும், சுறா ஒன்று ஏறினால் மற்றதற்கு இடம் இருக்காது. இருட்டினால் பதற்றம் கூடும், இல்லாத பாறை கண்ணுக்குத் தெரியும். காற்றும் நீவாடும் படகை இழுக்கிற வேலை அதில் பெரிதாக இல்லை, கடலுக்குப் போகிறவர்கள் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். ஆனால் இருட்டுவதற்குள் கரை சேர வேண்டும் என்கிற அந்த அவசரத்தை இவ்வளவு சரியாகப் பிடித்த கேமை நான் ஆடியதில்லை. இரண்டில் ஒன்றுதான் என்றால் டிரெட்ஜ் வாங்குங்கள், மிஷினுக்கும் பாரம் குறைவு.

வெண்பா கட்டாயம் வாங்குங்கள். கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம், அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டு கிழிந்து அழிந்து போயிருக்கிறது, விட்டுப்போனதை நாமே யோசித்துச் சமைக்க வேண்டும். முதல் வேலையே இட்லி. தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி ஒழுங்காக ஏறும் என்பதுதான் புதிரே, வெளிநாட்டுக்காரர்கள் அங்கே திணறுவார்கள், நீங்கள் யோசிக்காமல் அடுக்குவீர்கள். 2024-இல் பாஃப்டா விருது வாங்கியது. கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை, அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து ஆடலாம். சின்னக் கேம், பெரும்பாலானவர்களுக்கு 2 மணி நேரத்துக்குள்ளேயே முடிந்துவிடும். முடித்த பிறகும் ரீஃபண்ட் பட்டன் அங்கே இருக்கும், ஸ்டீம் விதிப்படி கேட்கவும் முடியும். இதற்குக் கேட்காதீர்கள், முழுசாக ஆடி முடித்த கேமுக்குக் கொடுத்த காசு செய்தவர்களிடமே போகட்டும்.